தடையை வென்ற காதல் காவியம்
பெங்களூர் நாகரத்தினம்மாள் மீட்ட புதையல்

1911-ம் ஆண்டு. சென்னையில் ஒரு புத்தகத்தைப் போலீசார் பறிமுதல் செய்தனர். அது ராதையின் காதலைப் பாடும் காவியம்! அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர், புகழ்பெற்ற பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நாகரத்தினம்மாள் 1878-ல் மைசூர் சீமையில், நஞ்சன்கூட்டில் பிறந்தார். தேவதாசி குலத்தவர். சின்ன வயதிலேயே சங்கீதமும் சமஸ்கிருதமும் கற்றார். தெலுங்கும் நன்றாக அறிவார். சென்னைக்கு வந்து கச்சேரிகள் செய்து, பேரும் பொருளும் சேர்த்தார்.

ஒரு தெலுங்கு நூலைப் படித்தபோது, முத்துப்பழனி என்ற பெண் கவிஞரின் பெயர் அவர் கண்ணில் பட்டது.

யார் அந்த முத்துப்பழனி?

தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் சபையை அலங்கரித்தவர். அவரும் தேவதாசி குலத்தவரே. அவர் தெலுங்கில் பாடிய காவியம் 'ராதிகா சாந்தவனம்'.

ராதை, தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணம் முடித்து வைக்கிறாள். பிறகு பிரிவு தாங்காமல் தவிக்கிறாள். கோபம் கொள்கிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானம் செய்கிறான். இதுதான் கதை. பெண்ணின் ஆசையை ஒரு பெண்ணே ஒளிக்காமல் பாடியிருந்தார்.

பாட்டுகளைக் காணோம்!

நாகரத்தினம்மாள் பழைய அச்சுப் பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தார். பல பாட்டுகள் அதில் இல்லை. முத்துப்பழனியின் குல வரலாறும் இல்லை! ஏட்டுச் சுவடியைத் தேடிப் பெற்றார். இரண்டையும் ஒப்பிட்டு, 1910-ல் முழு நூலையும் வெளியிட்டார்.

எதிர்ப்பு கிளம்பியது. தெலுங்கு நாட்டின் பெரிய சீர்திருத்தவாதி வீரேசலிங்கம். விதவைகளின் மறுமணத்துக்குப் பாடுபட்டவர். அவரே இந்தக் காவியத்தைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். ஒரு பெண் இப்படிப் பாடலாமா என்பது அவர் வாதம்.

ஆண் புலவர்கள் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் மட்டும் குற்றமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார்.

வெள்ளைக்கார சர்க்கார் அதைக் காதில் வாங்கவில்லை. நூல் ஆபாசம் என்று தடை போட்டது.

36 ஆண்டுகள்

தடை நீடித்தது. நாகரத்தினம்மாள் சோர்ந்து உட்காரவில்லை. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி சீர்கெட்டுக் கிடந்தது. தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அங்கே கோவில் கட்டினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆராதனையில் பெண்கள் பாட இடம் இல்லை என்றார்கள். பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்திக் காட்டினார்.

1947-ம் ஆண்டு வந்தது. சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த பிரகாசம், காவியத்தின் மீதான தடையை நீக்கினார். அப்போது நாகரத்தினம்மாளுக்கு எழுபதை நெருங்கும் வயது.

1952 மே 19-ந் தேதி அவர் காலமானார். தியாகராஜரின் சன்னிதிக்கு எதிரே அவருக்கும் சமாதி எழுந்தது.

தியாகராஜருக்குக் கோவில் கட்டியவர் என்று ஊர் அவரை அறியும். முத்துப்பழனியின் காதல் பாட்டு முழுதாகக் கிடைத்திருப்பதும் அவரால்தான்!