குவிமாடத்தின் கீழ் ஓர் இருக்கை: அம்பேத்கரின் நூலக ஆண்டுகள்

1916 மே 9. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இருபத்தைந்து வயது இந்திய மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு பெருகின என்பதே பொருள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடக்கக்கூடிய எளிய வளாக நிகழ்வுதான் அது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அடுத்த நிகழ்வுக்கான தாள் அதன்மேல் ஒட்டப்படும்போது மறைந்துபோகிற வகை. ஆனால் அன்று வாசிக்கப்பட்ட அக்கட்டுரை மறுஆண்டே 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சேறியது. நூறாண்டு கடந்தும், தமிழ் உட்படப் பல மொழிகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

அம்பேத்கர் நூலகங்களிலேயே வாழ்ந்தார் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். எத்தனை மணி நேரம் படித்தார், எத்தனை நூல்கள் வைத்திருந்தார் என்று கணக்கும் சொல்கிறோம். அந்தக் கணக்கில் நமக்கு ஈடுபாடு குறைவு. நூலகத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நம் கேள்வி. ஒளிந்துகொள்ளும் இடமாகவா, அல்லது தன்னைச் சுற்றி நடப்பதை அறிந்து அதில் குறுக்கிடுவதற்கான இடமாகவா?

இந்தக் கேள்வி நமக்கு வந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரியின் முதலாண்டில், நூலகம் என்றால் தேர்வுக்கு முந்தைய வாரம் பாடநூல் எடுக்கும் இடம் என்றே நாம் எண்ணியிருந்தோம். நாளிதழ் அறையின் வாசலில் கருத்தரங்கு அறிவிப்புகள், மாதிரி நீதிமன்றப் போட்டிகள், கட்டுரைப் போட்டிகள் எல்லாம் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை நின்று படிக்க வேண்டும் என்று நமக்கு எவரும் சொல்லவில்லை. மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்த பிறகே அப்படியொரு போட்டி நடப்பது தெரிந்தது. வழக்கறிஞர் குடும்பங்களிலிருந்து வந்த சக மாணவர்களுக்கோ அது வீட்டு உணவு மேசையிலேயே தெரிந்திருந்தது. முதல் தலைமுறை மாணவருக்கு அறிவிப்புப் பலகைதான் அப்பாவும் மாமாவும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு இரண்டாண்டுகள் ஆயின.

அம்பேத்கருக்கும் வீட்டில் சொல்லித்தர அப்படி ஒருவர் இல்லை. தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். படிப்பின் அருமை தெரிந்தவர், மகனுக்காகக் கடன்பட்டு நூல் வாங்கித் தந்தவர்; ஆயினும் பல்கலைக்கழகம் அவர் அறிந்த உலகமன்று. சாத்தாராப் பள்ளியில் சிறுவன் பீமராவ் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிப்பையில் தனியே அமர்ந்தான். பணியாள் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்கும் விருப்பம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் எடுக்க நேர்ந்தது. ஒற்றை அறைக் குடியிருப்பில் இடமில்லாததால் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படித்தார். அங்கேதான் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைக் கண்டார். 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்ததும், பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றதும் அவரே.

1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் வந்து சேர்ந்தார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்றாண்டுகள். திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி மாணவர் அவருக்கு நண்பரானார். அந்த நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. முதல் சில மாதங்கள் புதிய நகரின் விளையாட்டிலும் கேளிக்கையிலும் கழிந்தன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நமக்கு அது பிடித்திருக்கிறது. எவரும் தொட மறுத்த ஓர் இளைஞன், யாரும் சாதி கேட்காத ஊரில் சில மாதங்கள் வெறுமனே இளைஞனாக இருந்திருக்கிறான்.

பிறகு அவர் லோ நூலகத்துக்குள் நுழைந்தார். பெரும் குவிமாடத்தின் கீழ் வட்டமான வாசிப்புக் கூடம் கொண்ட அக்கட்டடமே அன்று கொலம்பியாவின் மைய நூலகம். அங்கே எந்த நாற்காலியிலும் எவரும் அமரலாம். கேட்ட நூல் கேட்டவரின் கைக்கு வரும். கோணிப்பையில் அமர்ந்து படித்தவருக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எடுத்த பாடங்களின் பட்டியல் பல்கலைக்கழகப் பதிவுகளில் இருக்கிறது: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்க நிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பட்டத்துக்கு இத்தனை தேவையில்லை. வளாகத்தில் என்ன பேசப்படுகிறது என்று தேடிச் சென்று அமர்ந்தவரின் பட்டியல் இது. பொதுநிதி பற்றி எட்வின் செலிக்மனிடம் கேட்டார். அமெரிக்காவில் வருமான வரிக்கு வழிவகுத்த அரசியலமைப்புத் திருத்தம் அந்த 1913-ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டிருந்தது, அவ்வரிக்காக வாதிட்ட முதன்மை அறிஞருள் செலிக்மன் ஒருவர். ஜனநாயகம் என்பது கூடி வாழும் முறை என்று கற்பித்த ஜான் டூயியிடம் கேட்டார். டூயியின் 'ஜனநாயகமும் கல்வியும்' 1916-இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் உலகப் போர் மூண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று 1915-இல் பொதுவாக்கெடுப்பு நடந்து, தோற்றது. வகுப்பறையில் கேட்டதும் தெருவில் நடந்ததும் ஒரே நாளின் இரு பக்கங்களாக இருந்த காலம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் இடமாக நூலகம் இருந்தது.

அந்த நாள்களில் லாலா லஜபதி ராய் நியூயார்க்கில் தங்கி இந்தியத் தன்னாட்சிக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். கொலம்பியா நூலகத்தில் ஓயாமல் படிக்கும் இந்திய மாணவரைக் கண்டு தம் இயக்கத்துக்கு அழைத்தார். அம்பேத்கர் இணங்கவில்லை. உதவித்தொகை தந்த மன்னருக்குக் கொடுத்த வாக்கு உண்டு, படிப்பு முதலில் முடியட்டும் என்பது அவர் நிலை. இதை அரசியலிலிருந்து விலகியதாகச் சிலர் படிக்கின்றனர். நாம் அப்படிப் படிக்கவில்லை. எந்த நிகழ்வுக்குச் செல்வது, எதற்குச் செல்லாதிருப்பது என்பதும் அரசியல்தான். பிறர் வகுத்த நிரலில் ஒரு தொண்டராகச் சேர்வதற்குப் பதில், தன் கேள்வியைத் தானே ஒரு கருத்தரங்குக்குக் கொண்டுசெல்லக் காத்திருந்தார்.

அந்தக் கேள்விக்குத் திரும்புவோம். கோல்டன்வைசரின் கருத்தரங்குக்கு வந்திருந்தோர் அமெரிக்க மாணவர்கள். சாதியை அவர்கள் நூல்களில் மட்டுமே கண்டவர்கள். அம்பேத்கர் தம் கட்டுரையைத் தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது: அவர்கள் அனைவரும் போயிருக்கக்கூடிய பொருட்காட்சிகளிலிருந்து தொடங்கினார். பொருள்களைக் காட்சிக்கு வைப்பதுபோல் மனித நிறுவனங்களையும் காட்சிக்கு வைக்கலாமே என்று அவர்களைச் சாதியின் பக்கம் அழைத்துச் சென்றார். அவைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் வழக்கறிஞரின் முறை அது, அவர் வழக்கறிஞராவதற்கு முன்பே.

அதன்பின் நூலகத்தின் வேலை தெரிகிறது. பிரெஞ்சு அறிஞர் செனார்ட், ஆங்கில அதிகாரிகள் நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, மராத்தியப் பார்ப்பனரான கேத்கர் என நால்வரின் சாதி வரையறைகளையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கேத்கரின் நூல் சில ஆண்டுகளுக்கு முன் இன்னோர் அமெரிக்கப் பல்கலைக்கழகமான கார்னெலில் உருவானது. உணவுத் தடை, தீட்டு, குலத்தொழில் என்று அவர்கள் அடுக்கியவற்றை ஒதுக்கி, அகமணமுறை ஒன்றே சாதியின் உயிர்நாடி என்று நிறுவினார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்தால் எஞ்சுபவர் அந்த அமைப்புக்கு ஆபத்து. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகியவை இந்த உபரியைச் சமாளிக்கப் பிறந்தவை என்றார். சாதியைக் காக்கும் சுமை பெண்ணுடல் மீது ஏற்றப்பட்டது என்பதை 1916-இல் ஒரு மாணவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆணவக்கொலை வழக்குகளின் கோப்புகளைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் நமக்கு இந்தக் கட்டுரை நினைவுக்கு வருகிறது.

அவ்வாண்டே லண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. நூல்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி பரோடா சென்றார். அங்கே நடந்ததை நம் வாசகர்கள் அறிவர்: பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியதும், பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னதும், நகரில் வேறெங்கும் இடம் கிட்டாமல் பொதுப்பூங்காவில் அமர்ந்து பம்பாய் ரயிலுக்குக் காத்திருந்ததும். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். இதே பரோடாவில்தான் 1910-இல் மன்னர் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை அழைத்துவந்து ஊர்தோறும் இலவசப் பொதுநூலகங்களைத் தொடங்கியிருந்தார். இந்திய நூலக இயக்கத்தின் தொட்டில் என்று பரோடாவைப் புகழ்வர். நூலகத்தின் கதவு திறந்திருந்த அந்நகரில் கொலம்பியாவில் படித்துத் திரும்பியவருக்கு இரவு தங்க ஓர் அறை இல்லை.

சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துப் பணம் சேர்த்து, கோல்ஹாப்பூர் சாகு மகராஜும் பதேனாவும் உதவ, 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு முதலில் வந்து கடைசியில் வெளியேறியவர்களுள் ஒருவர். அரைவயிற்றுச் சாப்பாடு. அந்த ஆண்டுகளில் பம்பாயில் ரமாபாய் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பதை எந்த நூலகமும் பதிவு செய்து வைக்கவில்லை. அவருடைய பட்டினியும் சேர்ந்துதான் அந்தப் பட்டங்கள்.

லண்டனுக்குக் கப்பலேறும் முன், 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பும் இதழும் ஒன்றையொன்று நிறுத்தவில்லை. 1927 மார்ச் 20-இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் நீர் அள்ளியபோது, அவர் கையில் இருந்தது உணர்ச்சி மட்டுமன்று. பொது நீர்நிலைகளை அனைவருக்கும் திறக்கச் சொன்ன 1923-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டமன்றத் தீர்மானமும், அதை ஏற்ற மகத் நகராட்சியின் முடிவும் இருந்தன. அரசின் ஆவணங்களைப் படித்தவர் அவற்றைக் குளக்கரைக்கு எடுத்துவந்தார். பின்னாளில் அரசியலமைப்பின் 15(2) பிரிவில் கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகளோடு அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களும் இடம்பெற்றன. நூலகம் என்ற சொல் அங்கே இல்லை. ஆயினும் அரசுப் பணத்தில் நடக்கும் பொதுநூலகத்தின் வாசிப்பறை அந்தப் பிரிவுக்குள் வரும் என்று வாதிட எந்த வழக்கறிஞரும் தயங்கத் தேவையில்லை.

ஆட்சிமன்றக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி கேட்டு அரசை அவர் நெருக்கினார். மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. நம்மில் பலர் அந்தப் பணத்தில் படித்தவர்கள். தொகை தாமதமாகி விடுதிக் கட்டணத்துக்கு அலைந்தவர்களும் நாமே. 1946-இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு மனு அளித்திருப்பதைப் படித்தறிந்து, அதன் படிகளைக் கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸ் ஜூலை 31-இல் பதில் எழுதினார். நியூயார்க்கை விட்டு முப்பதாண்டுகள் ஆகியும் அங்கே நடப்பதை அவர் படித்துக்கொண்டேயிருந்தார்.

இன்றைய வளாகத்தில் நூலகத்துக்குள் போக நம்மை எவரும் தடுப்பதில்லை என்று சிலர் சொல்வர். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்தபோது அவரும் நான்கு தோழர்களும் ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்துக்குள்ளேயே வெட்டவெளியில் கூடாரமிட்டிருந்தனர். வளாகப் பொது இடங்களில் கூடுவதும் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. படிப்பதை விட்டுவிடுவர், படித்ததைக் கொண்டு வளாகத்தில் வாய் திறக்கும்போதுதான் தடை வரும்.

1952 ஜூன் 5-இல் கொலம்பியா தன் பழைய மாணவருக்கு மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான் டூயி இறந்திருந்தார். லோ கட்டடம் அதற்குள் நூலகமாக இல்லை. நூல்கள் 1934-இலேயே பட்லர் நூலகத்துக்கு இடம் மாறியிருந்தன. அம்பேத்கரும் தம் நூல்களை இடம் மாற்றினார். பம்பாய் தாதரில் நூல்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய ராஜகிருகத்தில் சேர்த்துவைத்தவற்றில் பெரும்பகுதி, 1946-இல் அவர் தொடங்கிய சித்தார்த் கல்லூரிக்குப் போனது. வேலைக்குப் போகும் இளைஞர்கள் படித்துவிட்டு அலுவலகம் செல்ல வசதியாக அக்கல்லூரி காலை நேரத்தில் வகுப்பு நடத்தியது. அவர் வாசித்துக் குறிப்பெழுதிய பக்கங்களை அந்த மாணவர்கள் இரவல் கேட்டுப் புரட்டினர்.