கிட்டியின் கொடுமையை உலகறியச் செய்தவர்

புறநானூற்றைப் பயிற்றுவிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இடங்களில் வகுப்பறை அமைதியுறும். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனை நேர்நின்று பாடித் தம் பழஞ்செய்க்கடனை நீக்கிக்கொண்ட செய்தி ஒன்று. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரிகொள்ளும் முறைமையை யானை புகுந்த வயலைக் காட்டி உணர்த்திய செய்தி மற்றொன்று. அவ்வாறு பயிற்றுவித்த ஒரு நாளில் மாணவி ஒருத்தி எழுந்து, பாடத் தெரியாத உழவனுக்காக அரசனிடம் பேசியவர் யார் என்று வினவினாள். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர்க் கண்ட விடைகளுள் ஒன்றே காஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் வாழ்வு.

சென்னை மாநகரில் 1806ஆம் ஆண்டு வணிகக் குடியில் தோன்றியவர் லட்சுமிநரசு. தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வாணிகத்தில் பெயர்பெற்றவர். காஜுலு என்பது தெலுங்கில் வளையல்களைக் குறிக்கும் சொல். முறையான உயர்கல்வி வாய்க்காத அவ்விளைஞர் தந்தையாரின் தொழிலில் இணைந்து அதனைப் பெருக்கினார். செல்வம் சேர்ந்தது. அக்காலத்துச் செல்வர் பலரைப் போல ஆட்சியாளரின் நன்மதிப்பைத் தேடியிருப்பாராயின் அவர் வாழ்வு இனிதே கழிந்திருக்கும். நாமும் அவரை நினைக்கப் போவதில்லை.

அவர் தேடியது வேறு. 1844ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'கிரசண்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். பிறை என்பது அப்பெயரின் பொருள். ஆள்வோரின் மொழியிலேயே ஆளப்படுவோரின் குறையை எடுத்துரைப்பது அதன் நோக்கம். எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரையே அதற்கு ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். ட்வீடேல் பிரபு ஆளுநராக இருந்த அக்காலத்தில் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்கும் திட்டம் எழுந்தபோது, 1846இல் பொதுக்கூட்டம் கூட்டி, பல்லாயிரவர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை இலண்டனுக்கு அனுப்புவதில் முன்னின்றார். திட்டம் கைவிடப்பட்டது. இம்முயற்சி பெரிதும் சாதி இந்துக்களின் கவலையிலிருந்து பிறந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கூட்டம் கூட்டுதல், விண்ணப்பம் வரைதல், கையொப்பம் திரட்டுதல் ஆகிய கருவிகளை அவர் கையாளக் கற்றது இக்களத்தில்தான். அடுத்த சில ஆண்டுகளில் அவை சமயஎல்லையைக் கடந்து ஏழை உழவனுக்குப் பயன்பட்டன.

1852இல் அவர் முயற்சியால் சென்னைச் சுதேசிகள் சங்கம் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமைச் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்த வேளை அது. ரயத்துவாரி முறையில் நிலவரியின் சுமை, கைவினைஞர் மீது விதித்த தொழில்வரி, வழக்குமன்றங்களின் காலத்தாழ்வு, கல்விக்குச் செலவிடாமை ஆகியவற்றை எடுத்துரைத்துச் சங்கம் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தது. அவ்விண்ணப்பத்தில் ஓர் அரிய குற்றச்சாட்டும் இடம்பெற்றிருந்தது. வரி தண்டுவதற்காக உழவர்கள் உடல்வதை செய்யப்படுகின்றனர் என்பதே அது.

அக்கால ஆட்சியமைப்பை அறிந்தால் இக்குற்றச்சாட்டின் கனம் விளங்கும். தாசில்தாரே வரி தண்டுபவர். காவல் அதிகாரமும் அவருடையது. குற்ற விசாரணையும் அவர் கையில். கிஸ்தி கட்டத் தவறியவனைப் பிடிப்பதும் வருத்துவதும் அவன் முறையீட்டைக் கேட்பதும் ஒரே கச்சேரியில் நிகழ்ந்தன. இரண்டு கழிகளை ஒருபுறம் பிணைத்து, இடையே கையை வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் காலையும் கயிற்றால் இணைத்துக் குனிந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பதற்கும் ஒரு பெயர் இருந்தது. இவையன்றிக் கொளுத்தும் வெயிலில் நிறுத்துதல், உணவும் நீரும் மறுத்தல், முதுகில் கல்லேற்றுதல் எனக் கொடுமைகள் பலவாயின. அரசுக்குரிய வரிக்காக மட்டுமன்றிச் சேவகர்களின் கைக்கூலிக்காகவும் இவை நிகழ்ந்தன.

குற்றச்சாட்டு ஒன்றைச் சொல்லுதல் எளிது, மெய்ப்பித்தல் அரிது. ஊர்ப்புறத்தில் நிகழ்வது கோட்டையிலிருப்போருக்குத் தெரியாது, தெரிந்தவர் சொல்லார், பட்டவன் அஞ்சுவான். இக்காலத்தில் அதிகார முறைகேட்டை வெளிக்கொணர்வோர் படக்கருவியுடன் சென்று ஆவணப்படம் எடுக்கின்றனர். படக்கருவி இல்லாத நாளில் லட்சுமிநரசு செய்ததும் அதுவே. நேரில் காணத்தக்க சான்றாளர் ஒருவரை அவர் அழைத்துச் சென்றார். இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவரும் பாராளுமன்ற உறுப்பினருமான டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரைத் தம் செலவில் மாவட்டங்களுக்கு இட்டுச்சென்று, உழவர்களைத் தாமே பேசச் செய்தார்.

1854 சூலையில் இச்செய்தி பாராளுமன்றத்தில் எழுந்தது. கம்பெனியின் சார்பினர் மறுத்தனர். மறுப்பு நிற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் பயணிகள் இருப்புப்பாதை இல்லாத காலம் அது. இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது 1856இல்தான். தொலைவூர் மக்கள் கால்நடையாக வந்தனர். நேரில் வந்து முறையிட்டோர் 519 பேர்; எழுத்தில் வந்த முறையீடுகள் 1,440. ஆக 1,959 முறையீடுகள். வந்து சேர்ந்தவை இவை; வழிப்பயணத்துக்கு வகையற்று வீட்டிலேயே அடங்கியவற்றுக்குக் கணக்கில்லை.

1855 ஏப்ரலில் குழு அறிக்கை அளித்தது. வதை நிகழ்ந்தது மெய் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் பழி முழுவதையும் சுதேசிச் சிப்பந்திகள் மேல் ஏற்றி, ஆங்கில அதிகாரிகள் அதற்கு உடந்தையல்லர் என்று விடுவித்தது. மிகுதியான வரியைக் குறித்த நாளில் கொண்டுவரப் பணித்த கை எது என்ற வினாவை அது தொடவில்லை. இக்குறையைக் கடல்கடந்தும் கண்டனர். 1857இல் கார்ல் மார்க்சு நியூயார்க் இதழொன்றில் இவ்வறிக்கையை ஆராய்ந்து எழுதினார். எனினும் பயன் விளையாமற் போகவில்லை. வரித்துறையிலிருந்து காவல்துறை பிரிக்கப்பட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று, 1859இல் சென்னைக் காவல் சட்டம் நிறைவேறியது.

நம் திருவண்ணாமலை அந்நாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்த வட்டம். பின்னர் வடார்க்காட்டுடன் இணைக்கப்பெற்று, 1989இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. வானம் பார்த்த புன்செய்யும் ஏரிப்பாசனமும் நிறைந்த இம்மண்ணுக்கு மழை பொய்த்த ஆண்டில் கிஸ்தி எத்தகைய சுமை என்பதை இங்குப் பிறந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அரசு அவருக்கு இந்திய விண்மீன் விருது வழங்கியது. 1863இல் சட்டமன்றத்துக்கு உறுப்பினராக நியமித்தது. எதிர்த்தவரை மதித்துத் தன்பால் சேர்த்துக்கொள்ளும் ஆட்சித் திறம் அது எனலாம். ஆனால் அதற்குள் அவர் செல்வம் பொதுப்பணியில் கரைந்திருந்தது. சங்கமும் தளர்ந்தது. 1868இல் அவர் மறைந்தபோது எஞ்சியிருந்தது வறுமையே. வள்ளல் என்று பாடப் புலவர் எவரும் அவர் வாயிலில் நிற்கவில்லை.

அவருடைய வாழ்வில் என்னை வருத்துவது அவர் வறுமையன்று. 1,959 முறையீடுகள் தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவை அறிக்கையின் ஆங்கிலத்தில்தான் நமக்கு எட்டுகின்றன. கிட்டி என்னும் சொல் அவ்வறிக்கையில் நிலைபெற்றது. கிட்டியில் கைகொடுத்தவன் தன் மொழியில் சொன்ன சொற்கள் நம் இலக்கியத்தில் இடம்பெறவில்லை. அதே நூற்றாண்டில் நம் புலவர்கள் தலபுராணங்களும் அந்தாதிகளும் பாடிக்கொண்டிருந்தனர். அவற்றின் பெருமையை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அந்தக் கைகளைப் பாடியவர் யார் என்று தேடிச் சோர்ந்திருக்கிறேன்.

அம்மாணவிக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுதான். பாடத் தெரியாத உழவனுக்காகப் பேசியவர் ஒரு வணிகர். பேச வேண்டியிருந்தவர்கள் நாம். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை வளர்க்கும் நம் வட்டம், இனி கூடும்போதெல்லாம் கச்சேரி வாயிலில் காத்து நிற்பவனின் குரலுக்கும் ஓர் இருக்கை ஒதுக்குமாயின், லட்சுமிநரசு செட்டியார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே ஆகும்.