டெமிங் தாத்தாவின் சிவப்பு மணிகள்

ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போனவங்களுக்கு இந்தக் காட்சி புதுசில்ல. காலை மீட்டிங். நேத்து ரிஜெக்‌ஷன் ஜாஸ்தி. மெட்டீரியல் எப்படி வந்துச்சு, டூல் எப்ப மாத்துனாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்த ஷிஃப்ட்ல நின்ன டிரெய்னி யாருங்கிறதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியே தப்பு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் எட்வர்ட்ஸ் டெமிங்.

1900-ல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தவர். முதலில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், பிறகு யேல் பல்கலையில் டாக்டர் பட்டம். நம்ம குவாலிட்டி பேப்பர்ல வருமே கன்ட்ரோல் சார்ட், அதை உருவாக்கிய ஷுவார்ட்டிடம் பாடம் கற்றவர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க இன்ஜினியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் கம்பெனிகள் கைவிட்டன, ஏன்னா மேலே இருந்தவங்க யாரும் கத்துக்கல. 1950-ல் ஜப்பான் அழைத்தபோது இன்ஜினியர்களோடு நிறுத்தாமல் முதலாளிகளையும் உட்கார வைத்துப் பேசினார். தன் உரைகளை அச்சிட்டதில் வந்த பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் டெமிங் பரிசு. 1998-ல் இந்தியாவுக்கு முதன்முதலாக அதைக் கொண்டுவந்தது நம்ம பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு.

சொந்த ஊர்க்காரங்க அவரைக் கண்டுபிடிச்சது 1980-ல, ஒரு டிவி நிகழ்ச்சி பார்த்து! அப்போது அவருக்கு வயது 79. அடுத்த வருஷமே ஃபோர்டு கூப்பிட்டது.

வகுப்புகளில் அவர் நடத்திய ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பெட்டி நிறைய மணிகள், ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள மட்டையை உள்ளே விட்டு எடுக்கணும். சிவப்பு வந்தா டிஃபெக்ட். பார்வையாளர்களில் சிலர்தான் தொழிலாளிகள், டெமிங் சூப்பர்வைசர். 6 சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, 14 எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த ரவுண்டில் அப்படியே தலைகீழாகும். சுவரில் போஸ்டர், டார்கெட், போனஸ் எல்லாம் நடக்கும். கடைசியில் மோசமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நல்லவர்களை மட்டும் வைத்து ஓட்டுவார். சிவப்பு குறையாது. எப்படிக் குறையும்? பெட்டியில கை வைக்க யாருக்கும் அனுமதி இல்லையே.

ஆட்களை வரிசைப்படுத்தி மார்க் போடும் வருஷாந்திர அப்ரைசலை, கம்பெனியைக் கொல்லும் நோய்களில் ஒன்றாகவே 1986-ல் எழுதினார். பயம் வந்துவிட்டால் உண்மையான நம்பர் மேலே போகாது, பக்கத்து டிபார்ட்மென்ட் தலையில் கட்டுவதுதான் வேலையாகும் என்பது அவர் வாதம்.

1993 டிசம்பரில் காலமானார். அதே மாதம்கூட வகுப்பு எடுத்திருந்தார்.

நான் டிரெயினிங் போன இடத்துல (பேர் வேணாம்) அந்த டிரெய்னி அண்ணனை வேற லைனுக்கு மாத்திட்டாங்க. மறுவாரமும் ரிஜெக்‌ஷன் போர்டில் கிட்டத்தட்ட அதே நம்பர். மீட்டிங்ல வேற பேரு.