இதயத் துடிப்பைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த குடும்ப மருத்துவர்: யார் இந்த ஜேம்ஸ் மெக்கன்சி?

உங்கள் குடும்ப மருத்துவரும் படித்துக்கொண்டே இருக்கிறார், தெரியுமா? சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டிலிருந்து மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி கட்டாயம். போதிய புள்ளிகள் சேர்த்தால்தான் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க முடியும்.

நூறு ஆண்டுக்கு முன்னால் அப்படி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்ப மருத்துவர் தானாகவே படித்தார். அவர்தான் ஜேம்ஸ் மெக்கன்சி.

யார் இவர்?

1853இல் ஸ்காட்லந்தில் பிறந்த விவசாயி மகன். முதலில் மருந்துக்கடையில் வேலை கற்றார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1879இல் இங்கிலாந்தின் பர்ன்லிக்குப் போனார். நெசவாலைகள் நிறைந்த ஊர் அது.

எது அவரை உறுத்தியது?

அவர் பார்த்துவந்த ஓர் இளம்பெண்ணுக்கு இதயக் கோளாறு. பிரசவத்தின்போது அவர் இறந்துபோனார். ஆபத்தை ஏன் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை? எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும், எதுக்கு வேண்டாம்? பாடநூல்களில் தெளிவான பதில் இல்லை.

என்ன செய்தார்?

கைநாடியையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். அதை மேம்படுத்த உதவியவர் உள்ளூர்க் கடிகாரக்காரர்!

இங்கேதான் குடும்ப மருத்துவரின் பலம் தெரிகிறது. மருத்துவமனை நிபுணர் நோயாளியைச் சில நாள்தான் பார்ப்பார். மெக்கன்சி அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பார்த்தார். இடையிடையே கூடுதலாக ஒரு துடிப்பு வந்தாலே இதய நோயாளி என்று படுக்கவைத்த காலம் அது. ஆனால், அப்படிப்பட்டவர்களில் பலர் ஒன்றும் ஆகாமல் வேலைக்குப் போய்வந்ததை அவருடைய பதிவேடுகள் காட்டின. தேவையில்லாமல் முடங்கிக் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே ஆபத்தான துடிப்புகளையும் அவர் பிரித்துக் காட்டினார்.

1902இல் நாடித்துடிப்பு பற்றிய நூல் வெளிவந்தது. 1907இல் லண்டன், 1915இல் சர் பட்டம்.

புகழை ஏன் விட்டுப்போனார்?

நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறது. அதன் தொடக்கத்தைப் பார்ப்பவர் குடும்ப மருத்துவர்தான் என்று நம்பினார். அதனால் 1919இல் ஸ்காட்லந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அந்த ஊர் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் ஆரம்ப அறிகுறிகளை எழுதிவைத்து, கூடிப் பேசினார்கள். புள்ளிக்காக வகுப்பில் உட்காருவதைவிட இது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

1925இல் இதய நோயாலேயே மறைந்தார். தம் இதயத்தையும் ஆராயச் சொல்லியிருந்தார். சக மருத்துவர்கள் அப்படியே செய்தார்கள்.

மறு ஆண்டு, யார்க்‌ஷயரின் கிராம மருத்துவர் வில்லியம் பிக்கல்ஸ் மெக்கன்சியின் நூலொன்றைப் படித்தார். தம் ஊர்களில் பரவும் தொற்றுநோய்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1953இல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர் கல்லூரிக்கு முதல் தலைவரானவர் அவர்தான்.