ஒற்றைப் பேருந்தில் தொடங்கிய ஜி.டி. நாயுடு



வரவு செலவுக் கணக்கும் நிர்வாகிகளின் அறிக்கையும் இடம்பெறும் இம்மலரில், ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றுக்கும் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. நம் மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் சிறு வணிகத்தை நம்பியிருப்பவர்கள். தேயிலைத்தூள் கடை, வர்க்கி போடும் பேக்கரி, காய்கறி வியாபாரம், கம்பளி ஆடைக் கடை, வாடகை வண்டி, மெக்கானிக் பட்டறை என்று குன்னூரிலும் உதகையிலும் கோத்தகிரியிலும் குடும்பங்களின் அடுப்பு எரிவது இவற்றால்தான். ஆனால் ஒரே வீதியில் பத்துக் கடைகள்; பத்திலும் ஒரே சரக்கு; பத்திலும் ஒரே விலை. இதில் நாம் தனித்து நிற்பது எங்ஙனம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மலையிறங்கிப் போய்விடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றி எழுத முற்பட்டோம்.

அப்பெயரை அறியாதவர் இங்கு இருக்க மாட்டார்கள். கோவை அவிநாசி சாலையில் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மேம்பாலத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும், அவர் ஜெர்மனிக்குச் சென்று ஹிட்லரைப் படம் பிடித்து வந்ததையும், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படமாக்கியதையும்தான் முதலில் எடுத்துச் சொல்வார்கள். நமக்கு அவை அத்தனை பெரிதாகப் படவில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அவர் எப்படித் தொழில் செய்தார் என்பதே நமக்கு வேண்டியது.

கோவை மாவட்டம் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், கோபால்சாமி நாயுடு என்ற உழவரின் மகனாக 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியவர் என்றே அவர் ஊரில் கதை வழங்குகிறது. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. வயல் வேலைக்கு வந்தார். பிற்காலத்தில் தாமே விரும்பிப் பல நூல்களைப் படித்தார் என்றாலும், ஏட்டுப் படிப்பில் தோற்ற பிள்ளை என்றுதான் அன்றைக்கு ஊரார் அவரைக் கணக்கிட்டிருப்பார்கள். நம் வீடுகளிலும் அப்படிக் கணக்கிடப்பட்ட பிள்ளைகள் உண்டு.

ஒருநாள் அவ்வூர்ப் பக்கம் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, ஆனால் வண்டி ஓடுகிறது. துரைசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்து வியந்தவர் அவ்வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவர் மட்டும் கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை எடுத்தும் தண்ணீர் ஊற்றியும் கிடைத்த கூலியை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்து, அந்த அதிகாரியிடமே சென்று அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றினாரா என்றால் இல்லை. ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டார், மீண்டும் பூட்டினார். எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்பது தெளியும்வரை அதை விடவில்லை. பிறகு மெக்கானிக் தொழிலில் இறங்கினார்.

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்றை நடத்தி நல்ல பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளுடன் பம்பாய்க்குச் சென்று பஞ்சு வர்த்தகத்தில் போட்டார். அங்கே கொள்வதும் கொடுப்பதும் நாளை விலை ஏறுமா இறங்குமா என்ற ஊகத்தின் பேரில் நடப்பவை. போட்ட பணம் போயிற்று. இவ்விடத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். கையில் பிடித்துக் கழற்றிப் பார்க்கக்கூடிய பொருள் இருந்த வரையில் அம்மனிதர் தோற்கவில்லை. கண்ணால் காணாத ஒன்றை விலை பேசத் தொடங்கியபோதே தோற்றார். ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் மூலதனம் ஏதுமில்லை. வண்டிகளைப் பற்றிய அறிவு மட்டுமே எஞ்சியிருந்தது.

இந்நிலையில்தான் நம் மலையோடு தொடர்புடைய ஒருவர் இவ்வரலாற்றுக்குள் வருகிறார். குன்னூரில் ஸ்டேன்ஸ் பள்ளியை அறியாத வீடு கிடையாது. அப்பெயருக்குரிய ராபர்ட் ஸ்டேன்ஸ் இளம் வயதிலேயே இங்கிலாந்திலிருந்து வந்து, நீலகிரியில் காப்பித் தொழிலில் இறங்கி, பின்னர் கோவையில் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் நிலையமும் நூற்பாலையும் கண்டவர். 1922இல் யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ் நிறுவனம் தோன்றியதும் அந்தக் குழுமத்தின் வழியாகத்தான். கோவையில் மோட்டார் வண்டி வர்த்தகத்திலும் ஸ்டேன்ஸ் நிறுவனத்தார் ஈடுபட்டிருந்தனர். அவரிடம் நாயுடு சென்றார். ஸ்டேன்ஸ், பேருந்து ஒன்று வாங்கிச் சொந்தமாக ஓட்டும்படி ஊக்கமளித்து, அதற்குக் கடனும் கொடுத்தார். மீதியை நாயுடு வேறிடங்களில் திரட்டிக்கொண்டார்.

பம்பாயில் அனைத்தையும் இழந்து வந்தவருக்குக் கடன் கொடுப்பது எளிய காரியமன்று. நிலப் பத்திரம் பார்த்துக் கொடுப்பவர் எவரும் கொடுத்திருக்க மாட்டார். ஸ்டேன்ஸ் பார்த்தது அம்மனிதரின் கையை என்றே நாம் கருதுகிறோம். அழகிய கடனின் சிறப்பைப் பற்றி நாம் பயான்களில் கேட்கிறோம். ஆனால் இன்று நம் ஜமாஅத்தில் ஓர் இளைஞன் ஒருமுறை தொழிலில் தோற்றுவிட்டால், அவனுக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்கத் துணிபவர் எத்தனை பேர்? கல்யாணத்திற்குக் கடன் கேட்டால் கிடைக்கிறது. பட்டறை வைக்கக் கேட்டால் முகம் திரும்பிக்கொள்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறோம்.

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. வழியில் உடுமலைப்பேட்டை. சந்தைக்குப் போவோரும் பழனிக்குப் போவோரும் என்று ஆண்டு முழுவதும் ஆள் நடமாட்டம் உள்ள தடம் அது. ஓட்டுநர் அவரே, பழுது வந்தால் மெக்கானிக்கும் அவரே. மோட்டார் பேருந்து என்பது அந்நாளில் நம்பத்தக்க வாகனமாக இருக்கவில்லை என்பதை இன்றைய இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும் என்பதே அக்கால வழக்கம். கிளம்பினாலும் ஊர் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. நடுவழியில் நின்றால் பயணிகள்தாம் இறங்கித் தள்ள வேண்டும். நம் மலைக்கு 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் இரயில் வந்துவிட்டது. இரயிலுக்கு ஒரு நேரம் உண்டு. பேருந்துக்கு அப்படி ஒரு நேரம் இருக்க முடியும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நாயுடு காலந்தவறாமையைத் தம் வாழ்நாள் முழுவதும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தவர். அதே பிடிவாதத்தை அவர் வண்டித் தொழிலுக்குள் கொண்டுவந்தார். குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும். பழுது நடுவழியில் வெளிப்படும் முன் பட்டறையில் கண்டறியப்பட வேண்டும். காத்திருக்கும் பயணிக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். இவை மூன்றும் இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகின்றன. ஆறு பயணிகளுக்காக ஓர் வண்டியை நேரத்திற்கு எடுத்தால் அன்றைய நட்டம் முதலாளியுடையது. ஆனால் அந்த ஆறு பேரும் மறுவாரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோகும் வியாபாரிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நாயுடுவின் வண்டி மற்றவர் வண்டியைவிட வேகமானது என்று சொல்வதற்கில்லை. அதே எஞ்சின், அதே மண் சாலை. அவர் விற்றது நேரத்தை. அதை அதுவரை அந்தத் தடத்தில் யாரும் விற்கவில்லை.

ஒரு வண்டி சில வண்டிகளாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற பெயர் கொங்கு நாடெங்கும் பரவிற்று. 1933ஆம் ஆண்டு வாக்கில் அந்நிறுவனத்தின் பேருந்துகள் 280. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் ஏற்பட்ட வளர்ச்சி இது. வண்டிகள் பெருகப் பெருக, பட்டறையில் வேலை செய்வோருக்குப் பயிற்சியளிப்பதும், புதிய சோதனைக் கருவிகளைத் தாமே வடிவமைப்பதும் நாயுடுவின் அன்றாட வேலைகளாயின. கண்டுபிடிப்பாளர் என்று உலகம் அவரைப் பிற்காலத்தில் கொண்டாடியதற்கு விதை விழுந்த இடம் பேருந்துப் பட்டறைதான்.

அடுத்து மின்சாரம். இதிலும் நம் நீலகிரிக்குப் பங்குண்டு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, நம் மலைநீரிலிருந்து பிறந்த மின்சாரம் கோவைச் சமவெளிக்குப் போயிற்று. ஆலைகள் பெருகின, கிணறுகளில் மாட்டு ஏற்றத்திற்குப் பதில் பம்பு வைக்க வழி பிறந்தது. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. மின்சாரம் வாசலுக்கு வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தும் கருவி கப்பலில் வருகிறது என்ற இந்த இடைவெளியை நாயுடு கண்டார். பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கண்ட டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வாயிலாக 1937இல் மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் அதுவே எனப் போற்றப்படுகிறது. கோவை இன்று பம்பு செட்டுக்குப் பெயர்போன ஊராக விளங்குவதன் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். உலர் மின்கலத்தில் இயங்கும் ரேசன்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குகளைப் பதியும் இயந்திரம் என்று பட்டியல் நீளும். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். வேளாண்மையிலும் பருத்தி, பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளுக்கு முயன்றார். சர் சி.வி. இராமன், விசுவேசுவரய்யா போன்றோர் அவரது பண்ணையைக் காண வந்தனர். 1936இல் தேர்தலில் நின்று தோற்றார். அது அவருக்கு உரிய துறையன்று என்றே தோன்றுகிறது.

கல்வியில் அவர் காட்டிய அக்கறை தனியே குறிப்பிடத்தக்கது. பேருந்துத் தொழிலிலிருந்து 1944இல் ஒதுங்கியபின், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைய முன்னின்று பொருளுதவி செய்தார். 1945இல் தாமே முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். அக்கருத்து முற்றிலும் சரியென்று நாம் சொல்ல மாட்டோம். எனினும் கையால் கற்ற ஒருவர் அப்படி எண்ணியதில் வியப்பில்லை.

அவர் வாழ்வில் கசப்பான பகுதியும் உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. 1952இல் இருவர் அமர்ந்து செல்லும் சிறிய கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். உரிமம் கிடைக்காமல் உற்பத்தி நின்றது. வரிச்சுமையும் உரிமக் கெடுபிடியும் தம் முயற்சிகளை முடக்குவதாகக் கருதிய அவர், தாம் உருவாக்கிய பொருள்கள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அவரை மதித்த தலைவர்களே அதை ஏற்கவில்லை. நமக்கும் அது உவப்பானதாக இல்லை. பல தொழிலாளர்களின் உழைப்பும் அப்பொருள்களில் இருந்ததல்லவா? ஆனால் ஒரு கடைக்கு உரிமம் வாங்கவும், அதைப் புதுப்பிக்கவும் அலுவலக வாசல்களில் காத்து நின்ற அனுபவம் உள்ள நம் வணிகர்கள் அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்வார்கள். எதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த அவருக்கு, கோப்புகள் நகரும் இயந்திரத்தை மட்டும் கழற்ற முடியவில்லை.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கோவையில் பொருட்காட்சிகள் அமைத்து, எந்திரங்களை இளைஞர்கள் அருகில் நின்று பார்க்கும்படி செய்தார். விடியற்காலை தொடங்கி அன்று மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்தும் காட்டினார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தமது 80ஆம் வயதில் காலமானார். அவருடைய மகன் ஜி.டி. கோபால் தந்தையின் பணிகளைத் தொடர்ந்தார்.

அவிநாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் கண்காட்சிக் கூடத்தில், அவர் செய்தவையும் சேகரித்தவையுமான கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. அருகிலேயே பழைய மோட்டார் வாகனங்களுக்கான அருங்காட்சியகமும் உண்டு. மருத்துவமனைக்கும் சரக்கெடுக்கவும் வாரந்தோறும் கோவைக்கு இறங்கும் நம் ஜமாஅத்தார், அடுத்த முறை செல்லுகையில் பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று அவற்றைக் காட்டி வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.