வல்லம் தந்த கணித மேதை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரம் முழுவதும் குளிர்ச்சி பரவும். அச்சாரல் தவழும் சிற்றூர்களுள் ஒன்று வல்லம். அவ்வூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சிவசங்கரநாராயண பிள்ளை. ஓராண்டு நிறைந்த அளவில் அன்னையை இழந்தார். அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த செங்கோட்டையில் பயின்று வருகையில் தந்தையாரும் மறைந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்கும். ஆயின் மாணவரின் திறனை அறிந்திருந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து கல்வியைத் தொடரச் செய்தார். நாகர்கோயிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவருடைய பெரும்பணி அங்கேயே நிகழ்ந்தது.

அப்பணி யாதென அறிய ஒரு கணக்கைப் பார்ப்போம். 1, 4, 9 முதலியவை வர்க்க எண்கள். எவ்வளவு பெரிய முழு எண்ணாயினும் அதை நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்பதை 1770இல் லக்ராஞ்சி நிறுவினார். கன எண்களாயின் ஒன்பது வேண்டும். அவ்வாண்டிலேயே வாரிங் என்னும் ஆங்கிலேயர், மேலுள்ள அடுக்குகளுக்கும் இத்தகைய எல்லை உண்டு என்று கூறினார்; மெய்ப்பிக்கவில்லை. எல்லை உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அவ்வெல்லை எவ்வளவு என்பதே பிறகு எழுந்த வினா.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை ஆறுமுறை வைத்துப் பெருக்கினால் வருவது அது: 1, 64, 729 என வளரும். இப்போது 703ஐ இவற்றின் கூட்டாக எழுத முயல்க. 729 பெரிது, ஆதலின் 64உம் 1உமே துணை. பத்து 64கள் 640 ஆகும். எஞ்சிய 63க்கும் ஒன்று ஒன்றாகவே கூட்டவேண்டும். ஆக 73 உறுப்புகள். அடுத்த எண்ணாகிய 704க்கோ பதினொன்றே போதும்! ஓர் எண் தள்ளி எத்துணை வேறுபாடு! 73க்குக் குறைந்தால் போதாது என்பதை இவ்வாறு நீங்களே காணலாம். ஆயின் எண்களுக்கு முடிவில்லை. கோடி கோடிக்கு அப்பாலும் 74ஐ வேண்டும் எண் ஒன்றேனும் இல்லை என்று காட்டுவதே அரிது. 1940இல் பிள்ளை அதனைக் காட்டினார். ஏழாம் அடுக்கு முதலியவற்றுக்குரிய விதியை அதற்கு முன்பே கண்டிருந்தார். அமெரிக்க அறிஞர் டிக்சனும் அக்காலத்திலேயே தனித்து முயன்று அதே முடிவை அடைந்தார். நான்காம், ஐந்தாம் அடுக்குகள் தீராதிருக்க ஆறாவது முன்னே தீர்ந்தது வியப்பே.

பின்னர்த் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் பணியாற்றிய பிள்ளைக்கு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் அவர் கலந்துகொள்வதாக இருந்தார். மாநாடு தொடங்கிய மறுநாள், 1950 ஆகஸ்டு 31இல், அவர் சென்ற விமானம் கெய்ரோ நகரருகே வீழ்ந்தது. அதிலிருந்த ஐம்பத்தைவரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது அகவை 49.

ஐந்தாம் அடுக்கின் எல்லை 37 என்பதை 1964இல் சீன அறிஞர் சென் நிறுவினார். நான்காம் அடுக்கின் எல்லை 19 என்பது 1986இல்தான் உறுதியாயிற்று. அதனை முடித்த மூவருள் இருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் நம் நாட்டுப் பாலசுப்பிரமணியன்.