தண்ணீர் சுமந்த குரு அமர்தாஸ்

குருத்வாராக்களில் வந்தவர்க்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் முறையை ஏற்படுத்தியவர் குரு நானக். அதைத் தவறாத கட்டளையாக்கியவர் மூன்றாவது குருவான அமர்தாஸ்.

இவர் 1479-ம் ஆண்டு பஞ்சாபில் பாசர்க்கே கிராமத்தில் பிறந்தார். வியாபாரக் குடும்பம்; விஷ்ணு பக்தர். ஆண்டு தவறாமல் கங்கைக்கு யாத்திரை போய் வருவார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள், தம் சகோதரர் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பீபி அம்ரோ பாடிய குரு நானக்கின் பாடல்கள் காதில் விழுந்தன. இரண்டாவது குரு அங்கதரின் மகள் அந்தப் பெண். அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு கடூர் போய், தம்மைவிட 25 வயது இளையவரான அங்கதருக்குச் சீடரானார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண் வீட்டில் ஊழியம் செய்வதாவது! ஊர் கேலி பேசியது. அமர்தாஸ் பொருட்படுத்தவில்லை. குரு நீராடுவதற்காக விடியுமுன் பியாஸ் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 12 ஆண்டுகள்.

1552-ல், 73-வது வயதில் அவரே குருவானார். கோயிந்த்வாலில் தங்கினார். தம்மைக் காண வருகிறவர் யாராயினும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகே தரிசனம் என்று விதித்தார். உயர்ந்த சாதிக்காரர் எனத் தம்மைக் கருதியவர்களுக்கு இது பெரிய சோதனை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல முடியாதே! அக்பர் சக்கரவர்த்தியும் தரையில் அமர்ந்து சாப்பிட்ட பின்னரே குருவைக் கண்டார் என்பது சீக்கியர் மரபு. சமையலுக்கு மானியமாக அவர் நிலம் தர முன்வந்தபோது, அடியார்களின் உழைப்பில் நடப்பதே போதும் என்று குரு மறுத்துவிட்டாராம்.

எல்லாச் சாதியாரும் இறங்கி நீராட 84 படிகள் கொண்ட கிணறு வெட்டினார். உடன்கட்டை ஏறுவதையும் பெண்கள் முகத்திரை போடுவதையும் எதிர்த்தார். 1574-ல், 95-வது வயதில் காலமானார். அடுத்த குரு, அவருடைய மருமகன் ராம்தாஸ்.

டில்லி பங்களா சாகிப்பிலும் இன்று அதே பந்திதான். எந்த மதத்தவரும் போகலாம். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட், மது கூடாது. ரொட்டியை இரு கைகளாலும் ஏந்தி வாங்க வேண்டும். எத்தனை முறையும் கேட்டு வாங்கலாம். தட்டில் மிச்சம் வைக்கலாகாது. சாப்பிட்டபின் விரும்பினால் பாத்திரம் துலக்கவும் உட்காரலாம். யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.